அந்த ஒன்பது பிக்சல்

"இதைத் துப்பாக்கி மேல மாட்ட முடியுமா மாப்ளே?"

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைப் பார்த்துவிட்டு வந்த முதல் கேள்வி இது. கேட்டவர் கைடு இல்லை, எக்ஸ்டர்னலும் இல்லை. என் தாய்மாமா. அந்தியூர் பக்கம், பர்கூர் மலை அடிவாரத்துக்குக் கொஞ்சம் கீழே அவருக்கு நாலு ஏக்கர் தோட்டம். குமாரபாளையத்தில் காவிரிப் பாலம் தாண்டி, பவானி போய், அந்தியூர் ரோட்டைப் பிடித்தால் பைக்கில் ஒரு மணி நேரம்.

போன வருஷம் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம், மீதியில் குச்சிக்கிழங்கும் கொஞ்சம் கடலைக்காயும் போட்டிருந்தார். மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் வந்தால் தின்பது கொஞ்சம், சாய்ப்பதுதான் நிறைய. காலையில் போய்ப் பார்த்தால் யாரோ ரோடு ரோலர் ஓட்டிவிட்டுப் போன மாதிரி கிடக்கும். குச்சிக்கிழங்கைக் கேட்கவே வேண்டாம், மூக்காலேயே உழுதுவிடும். மாமா ஒரு தடவைகூட உட்கார்ந்து புலம்பி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

அதனால்தான் அந்த ப்ராஜெக்ட். லெப்டான் என்று ஒரு குட்டி தெர்மல் சென்சார், ஒரு ராஸ்பெர்ரி பை, சோலார் பேனல், பழைய லாரி ஹாரன் ஒன்று. எல்லாம் ஒரு இரும்புக் கம்பத்தின் மேலே. பன்றி வந்தால் ஹாரன் அடிக்கும், மாமா போனுக்கு மிஸ்டு கால் போகும். அவ்வளவுதான்.

மாமா கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு சொன்னது, ஞாபகம் இருக்கிறதா? காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துத் திரும்பக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறைக்காரர்கள் சுடலாம். விவசாயி சுடக் கூடாது, வனத்துறை மட்டும்தான். இந்தச் செய்தி வந்த வாரம் ஊரே பேசிக்கொண்டிருந்தது. மாமா கணக்குப் போட்டுவிட்டார்: "பன்னி வர்றது ராத்திரி. ஃபாரஸ்ட்காரங்க டார்ச் அடிச்சா ஓடிப் போயிரும். உன்ற கேமராவை அவங்க துப்பாக்கி மேல மாட்டிக் குடுத்தா சோலி முடிஞ்சுது."

நியாயமான யோசனைதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். "தாராளமா முடியுங்க மாமா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அன்று ராத்திரியே ஹாஸ்டல் வைஃபையில் டெக்ஸாஸ் பன்றி வேட்டை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அங்கே அது ஒரு பெரிய வியாபாரம். தெர்மல் ஸ்கோப், அதற்குள்ளேயே லேசர் ரேஞ்ச்ஃபைண்டர், தூரத்தை அளந்து குறியைத் தானே ஏற்றி இறக்கும் கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் வெள்ளையாகப் பன்றிகள் ஓடும், ஒவ்வொன்றாக விழும். கேம் மாதிரியே இருக்கும்.

இப்போது அதே கேள்விக்கு என் பதில் வேறு. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் தமிழில் எழுதுகிறேன், சந்திப்பிழை இருந்தால் எடிட்டரைத் திட்டுங்கள்.

முதலில் கருவிகளைப் பற்றி. நைட் விஷன் என்றால் எல்லோருக்கும் ஒரே பச்சைத் திரைதான் ஞாபகம் வருகிறது, ஆனால் இவை இரண்டு வேறு ஜாதி. பச்சையாகத் தெரிவது வெளிச்சத்தைப் பெருக்குகிற கருவி. நிலா, நட்சத்திரம், தூரத்துத் தெருவிளக்கு, எதிலிருந்தாவது வருகிற கொஞ்சநஞ்ச ஒளி போட்டோகேத்தோடில் பட்டு எலக்ட்ரானாக மாறும். மைக்ரோசேனல் பிளேட்டில் அது ஆயிரக்கணக்கில் பெருகி பாஸ்பர் திரையில் விழும். ஒளியே இல்லாத இடத்தில் இது குருடு, தனியாக அகச்சிவப்பு விளக்கு அடிக்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிகிற நேரத்தில் ஜெர்மன்காரர்கள் துப்பாக்கியில் மாட்டிய 'வாம்பயர்' கருவி அப்படிப்பட்டதுதான். மேலே ஒரு பெரிய அகச்சிவப்பு விளக்கு, முதுகில் பேட்டரி மூட்டை.

தெர்மல் அப்படி இல்லை, அதற்கு வெளிச்சமே வேண்டாம். உங்கள் உடம்பு, என் உடம்பு, பன்றி, பாறை, எல்லாமே 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் சொந்தமாகக் கதிர் விட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அதைத்தான் சென்சார் வாங்குகிறது. சாதாரணக் கண்ணாடி அந்த அலையை உள்ளே விடாது, அதனால் லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். விலை எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று கவனித்தீர்களா? எங்கள் லெப்டானில் படம் தத்தித் தத்தித்தான் வரும், நொடிக்கு ஒன்பதுக்கும் கீழே. சிப் மெதுவாக இருப்பதால் அல்ல. நொடிக்கு 9 படத்துக்கு மேல் போனால் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு இறுகும், அதனால் வேண்டுமென்றே அதற்குக் கீழே நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே இதில் எவ்வளவு கறார் என்றால், நைட் விஷன் தொழில்நுட்பத் தகவலை அனுமதியில்லாமல் வெளிநாடுகளுக்குக் கொடுத்ததற்காக ஐடிடி என்ற பெரிய கம்பெனி 2007-ல் 10 கோடி டாலர் கட்டியது.

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் மூன்றிலேயே எளிது. ஒளித்துடிப்பை அனுப்பு, திரும்பி வருகிற நேரத்தை அளந்து பாதியாக்கு. 100 மீட்டர் போய் வர சுமார் 667 நானோசெகண்ட். துப்பாக்கிக்கு இது எதற்கு? தோட்டா கீழே இறங்குமே. நொடிக்கு 800 மீட்டர் வேகத் தோட்டா என்று வைத்து, காற்றுத்தடையை விட்டுவிட்டு, பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ் போடுங்கள்: 100 மீட்டரில் 8 செ.மீ. இறங்கும், 200-ல் 31, 300-ல் கிட்டத்தட்ட 70 செ.மீ. இருட்டில் தூரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது, லேசர் சொல்லிவிடும். ஆனால் மக்காச்சோளக் காட்டில் இந்த லேசர் படுகிற பாடு தனி. நடுவில் ஒரு சோகை ஆடினால் சோகைக்குத்தான் தூரம் சொல்லும். காலேஜ் கிரவுண்டில் அழகாக வேலை செய்த எங்கள் லேசர் மாட்யூல், தோட்டத்தில் 11 மீட்டர், 54 மீட்டர், 9 மீட்டர் என்று லாட்டரி நம்பர் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

பிப்ரவரி கடைசி. நானும் டீம்மேட் ஒருத்தனும் மாமா சாளையில் படுத்திருந்தோம். பன்றிகளின் படம் எடுத்து மாடலை டிரெய்ன் பண்ண வேண்டும். ஹாரனைக் கழற்றி வைத்துவிட்டோம், திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி சொச்சத்துக்குத் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வெள்ளையாக ஒன்று. தாழ்வாக, உருண்டையாக, மெதுவாக நகர்கிறது, நிற்கிறது, திரும்ப நகர்கிறது. எங்கள் மாடல் அதைச் சுற்றிச் சிவப்புப் பெட்டி போட்டு மேலே எழுதியது: பன்றி, 0.81.

டீம்மேட் என் தோளில் குத்தினான். நான் சந்தோஷத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். மாமாவை எழுப்பினோம். மாமா திரையைப் பார்த்தார். அப்புறம் வெளியே போய்க் காதைக் கொடுத்துக் கேட்டார். மோட்டார் ஓடுகிற சத்தம்.

"கரண்டு வந்துருச்சு போலிருக்குது. அது பக்கத்துத் தோட்டத்து அண்ணன். மடை மாத்தறாரு."

எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் பாதி நாள் நடுராத்திரியில்தான் வரும். வந்ததும் மோட்டாரைப் போட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணி கட்டப் போவார்கள். குனிந்து ஒரு பாத்தியை அடைப்பார், நாலடி நகர்வார், குனிந்து இன்னொன்றைத் திறப்பார். தாழ்வாக, உருண்டையாக, மெதுவாக நகர்கிற வெள்ளை உருவம்.

அப்புறம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் சென்சாரில் 160-க்கு 120 பிக்சல், 57 டிகிரி அகலம். 40 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் என்பது 25 சென்டிமீட்டர். குனிந்திருக்கிற மனிதர் எவ்வளவு வருவார்? மூன்றுக்கு மூன்று. அந்த அண்ணன் எங்கள் திரையில் மொத்தம் ஒன்பது பிக்சல்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

"நீ மட்டமான சென்சார் வாங்கினதுக்கு டெக்னாலஜி என்னடா பண்ணும்?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான், கணக்கும் போட்டுவிட்டேன்.

1958-ல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வகத்து விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். இரவுக் கருவியில் தெரிகிற உருவத்தை மனிதக் கண் எந்த அளவுக்குப் புரிந்துகொள்கிறது என்பதுதான் சோதனை. இன்றைக்கும் எல்லாத் தெர்மல் கருவியின் ஸ்பெக் ஷீட்டுக்கும் அடிப்படை அதுதான். அவர் படிப்படியாகப் பிரித்தார். அந்த இங்கிலீஷ் வார்த்தைகளுக்குத் தமிழ் தேடினேன், தமிழில் இன்னும் தெளிவாகவே இருந்தது. முதல் படி, 'ஏதோ இருக்கிறது.' அடுத்தது, 'இன்ன வகை', அதாவது மனிதனா மிருகமா வண்டியா. கடைசிப் படி, 'இன்னது, இன்னார்.' முதல் படிக்கு உருவத்தின் குறுகிய பக்கத்தில் 2 பிக்சல் போதும். இரண்டாவதுக்கு 8 வேண்டும். மூன்றாவதுக்குப் பதின்மூன்று அளவில்.

இப்போது ஒரு நல்ல ஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். 384 பிக்சல் அகல சென்சார், ஒரு பிக்சல் 12 மைக்ரான், 25 மில்லிமீட்டர் லென்ஸ். விலையைக் கேட்டால் மாமா மயங்கிவிடுவார். முக்கால் மீட்டர் உயரப் பன்றிக்குக் கணக்குப் போட்டால், 'ஏதோ இருக்கிறது' 780 மீட்டர் வரைக்கும். 'இன்ன வகை' 195 மீட்டர் வரைக்கும்தான். 'இன்னது' சுமார் 120 மீட்டர். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது இதில் எதை என்று உங்களுக்கே தெரியும். 780.

இதில் யாரும் சத்தமாகச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ஜான்சனின் இந்த எண்கள் ஐம்பது சதவீத வாய்ப்புக்கானவை. அதாவது 195 மீட்டரில் அது மனிதனா பன்றியா என்பதை இரண்டுக்கு ஒரு தடவைதான் சரியாகச் சொல்வீர்கள். அதுவும் வெட்டவெளியில். சோகைக்கு நடுவில் முதுகு மட்டும், ஒரு 40 சென்டிமீட்டர் தெரிகிறது என்றால் அந்த 195 என்பது 104 ஆகிவிடும். சித்திரை மாதத்தில் இன்னும் மோசம். நம்ம ஊர் வெயிலில் பகலெல்லாம் காய்ந்த பாறையும் மண்ணும் ராத்திரி எட்டு மணிக்கும் சுட்டுக்கொண்டே இருக்கும், உடம்புச் சூட்டுக்கும் தரைச் சூட்டுக்கும் வித்தியாசமே குறைந்துபோகும்.

தூரம் குறைந்தால், சென்சார் நல்லதாக இருந்தால், தெரியும். அதை நான் மறுக்கவில்லை. 50 மீட்டரில் நல்ல ஸ்கோப்பில் பன்றியின் காதுகூடத் தெரியும். ஆனால் என் பிரச்சினை பிக்சலோடு முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தது வேறு ஒன்றை.

ஸ்கோப் துப்பாக்கியில் இருந்தால், ஒன்றைப் பார்ப்பதற்கே துப்பாக்கியை அதை நோக்கி நீட்ட வேண்டும்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். கம்பத்தில் இருந்த என் கேமரா அந்த அண்ணனைப் பார்த்தது. கையில் பைனாகுலர் மாதிரிப் பிடிக்கிற தெர்மல் என்றாலும் அவரைப் பார்த்திருக்கும். இரண்டிலும் ஒன்றும் ஆகாது. அதே கேமரா ரைஃபிள் மேலே இருந்தால், 'அது யார்?' என்ற கேள்வியைக் கேட்கிற அந்த நிமிஷத்திலேயே குழல் அவர் முதுகை நோக்கி இருக்கும். விரல் எங்கே இருக்கும்? திரையில் 'பன்றி 0.81' என்று வேறு எழுதியிருக்கும். பக்கத்தில் ஒருத்தன் தோளில் குத்திக்கொண்டிருப்பான். நான் ஸ்கிரீன்ஷாட் பட்டனை எவ்வளவு வேகமாக அழுத்தினேன் என்பது எனக்குத் தெரியும்.

கேமில் தெர்மல் ஸ்கோப் வைத்து ஆடினவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கேமில் உங்கள் டீம்மேட் தலைக்கு மேலே பெயர் மிதக்கும். மீதி வெள்ளையாகத் தெரிகிற எல்லாமே எதிரி. மூன்று வருஷம் ராத்திரி ராத்திரியாக அதை ஆடி நம் கண் பழகியிருக்கிறது. மக்காச்சோளக் காட்டில் யார் தலைக்கு மேலேயும் பெயர் மிதப்பதில்லை.

தப்பு நடக்காது என்று நினைக்கிறீர்களா? 2025 தொடக்கத்தில் மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன கிராமத்தினர், தங்கள் கூட்டத்தில் வந்தவரையே பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். சரி, அவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் என்பீர்கள். 2021 டிசம்பர் 4, நாகாலாந்தின் மோன் மாவட்டம், ஓட்டிங் கிராமம். நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து வேனில் வீட்டுக்குத் திரும்பிய தொழிலாளர்களை, தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தின் சிறப்புப் படையினர் சுட்டார்கள். ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். அதைவிடப் பயிற்சி பெற்றவர்கள் நாட்டில் இல்லை. சுடுவதில் அவர்கள் தவறவில்லை. சுடப்படுவது யார் என்பதில் தவறினார்கள். தூரத்தை அளக்கிற லேசரும் குறியைத் திருத்துகிற கம்ப்யூட்டரும் முதல் வேலைக்குத்தான் உதவும்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சும்மா விடவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் எனக்கு இன்னும் முழுப் பதில் இல்லை.

"நீ சொல்றது சரி கண்ணு. ஆனா இப்ப மட்டும் என்ன நடக்குது? ஒருத்தன் கம்பில கரண்டு குடுக்கறான். ஒருத்தன் அவுட்டுக்காய் வெக்கறான். அது பன்னின்னு பாக்குதா, மனுசன்னு பாக்குதா? உன்ற துப்பாக்கியாச்சும் ஒருத்தன் கண்ணால பாத்துச் சுடறான்."

இதற்கு என்ன சொல்வது? 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் பன்றிக்காகப் போட்ட திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் செத்த யானைகள் கோயம்புத்தூர் பக்கம் எத்தனையோ. மின்கம்பியில் பக்கத்துத் தோட்டத்துக்காரரே மாட்டிச் செத்த செய்தி வருஷா வருஷம் வருகிறது. கம்பியும் வெடியும் எதையும் பார்ப்பதே இல்லை. அந்த வகையில் பார்த்துச் சுடுகிற துப்பாக்கி ஒரு படி மேல்தான். மாமா சொல்வதில் இந்தப் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் 'துப்பாக்கியே கூடாது' என்று நான் சொல்ல வரவில்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, கண்டவர் கண்டபடி சுட முடியாது. பக்கத்தில் கேரளாவில் அதே வருஷம் உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள், லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களை வைத்துச் சுடுகிறார்கள். நம் மாநிலத்தில் வனத்துறை மட்டும் என்று வைத்தது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ராத்திரியில் சுட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், அவர்கள் கையில் டார்ச்சைவிடத் தெர்மல் இருப்பது நல்லது. ஆனால் பார்க்கிறவர் ஒருவர், சுடுகிறவர் ஒருவராக இருக்கட்டும். பார்க்கிற கருவி கையிலோ கம்பத்திலோ இருக்கட்டும். பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் முன்னாலேயே போன் பண்ணி, "இன்னைக்கு யாரும் தண்ணி கட்டப் போகாதீங்க" என்று சொல்லட்டும், அந்த ஒரு ராத்திரி மின்சாரம் வேறு நேரத்தில் வரட்டும். ரைஃபிள் தோட்டா குறி தவறினால் சோளத்தட்டில் நிற்காது, கிலோமீட்டர் கணக்கில் போகும். பின்னால் மண்மேடு இருக்கிறதா, சாளை இருக்கிறதா என்று எந்த ஸ்கோப்பும் தானாகச் சொல்லாது. இதற்கெல்லாம் எந்த சென்சாரும் வேண்டாம். அதனாலேயே யாருக்கும் இது ப்ராஜெக்ட்டாகத் தெரிவதில்லை.

அப்புறம் ஒரு காமெடி. மாமா தோட்டம் காட்டெல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று மேப்பில் அளந்து பார்த்தோம். இரண்டு கிலோமீட்டர் சொச்சம். அங்கே யாருமே சுட முடியாது, பிடிக்கத்தான் வேண்டும். மாமா ரொம்ப நேரம் மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கோட்டைப் பன்னிகிட்ட யாரு காட்டுனாங்க?" என்றார்.

இதே தெர்மல் கேமராவை நம் மாநிலத்திலேயே ஒழுங்காக வைத்திருக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர் மதுக்கரை. காட்டுக்குள் போகிற ரயில் பாதை அது. 2021 நவம்பர் 26 ராத்திரி நவக்கரை பக்கத்தில் ரயில் மோதி ஒரே நேரத்தில் மூன்று யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே 12 கோபுரங்களில் சாதாரண கேமராவும் தெர்மல் கேமராவும் வைத்தது, சுமார் 7 கோடி ரூபாய் செலவில். திறந்து வைத்த அப்போதைய வனத்துறை அமைச்சர் அப்போது நம்ம மாவட்டத்து ராசிபுரம் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். யானை பாதைப் பக்கம் வந்தால் மென்பொருள் கண்டுபிடிக்கும், கட்டுப்பாட்டு அறைக்குப் போகும், அங்கிருந்து ரயில் டிரைவருக்கு. வண்டி மெதுவாகும்.

அந்த மென்பொருளும் தப்புப் பண்ணும். எல்லா மாடலும் பண்ணும். மாட்டை யானை என்று சொல்லும். அப்போது என்ன நஷ்டம்? ஒரு ரயில் ஐந்து நிமிஷம் லேட். எங்கள் கம்பம் அந்த அண்ணனைப் பன்றி என்று சொன்னால் ஹாரன் அடிக்கும், அவர் எங்களைத் திட்டுவார். இதே 0.81-ஐத் துப்பாக்கியில் வைத்தால்? மெஷின் லேர்னிங் லேபில் ஃபால்ஸ் பாசிட்டிவ் என்று ஒரு கட்டத்தில் ஒரு எண் எழுதி மார்க் வாங்கினோமே, அந்தக் கட்டத்துக்கு விலை என்ன என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் மாடல் ஏன் தப்பாகச் சொன்னது என்று பின்னால் பார்த்தேன். நாங்கள் பயன்படுத்திய தெர்மல் படங்களில் இருந்த மனிதர்கள் எல்லோரும் ஏதோ வெளிநாட்டுத் தெருவில் நிமிர்ந்து நடக்கிறவர்கள். கார் ஓட்டும் ஆராய்ச்சிக்காக எடுத்த படங்கள். மண்வெட்டியோடு குனிந்திருக்கிற ஒருத்தர்கூட அதில் இல்லை. மாடலைப் பொறுத்தவரை மனிதன் என்றால் நிமிர்ந்து நிற்பவன்.

இது ஏன் உங்களுக்கு என்கிறீர்களா? உங்கள் ப்ராஜெக்ட் தலைப்பு லிஸ்ட்டைப் பாருங்கள். இந்த வருஷம் எங்கள் பேட்சில் மட்டும் 'டிஃபென்ஸ் அப்ளிகேஷன்' என்று ஸ்லைடு போட்டது எத்தனை டீம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்: நாலு. ஐந்தாவது நாங்கள். "ஒரு ஸ்லைடு போடு, மார்க் வரும்" என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்தது. தப்பு சொல்ல முடியாது. 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனை, ஓசூரும் கோயம்புத்தூரும் முனைகள். ஒரு மணி நேரத் தூரத்தில் வேலை வரப்போகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? எல்லையில் நிற்கிறவருக்கு நல்ல தெர்மல் சைட் வேண்டும், அதை நம் ஊரில் செய்தால் எனக்கும் பெருமைதான். வேலை கிடைத்தால் நானும் போவேன், மறைக்கவில்லை.

ஆனால் போவதற்கு முன்னால் ட்ராக்கிங்பாயிண்ட் கதையையாவது படித்துவிட்டுப் போங்கள். டெக்ஸாஸ் கம்பெனி. ஸ்கோப்புக்குள் லேசர், லினக்ஸ் கம்ப்யூட்டர், வைஃபை எல்லாம் வைத்து ஒரு ரைஃபிள் விற்றது. குறியை நீங்கள் டேக் பண்ணி, டிரிகரை அழுத்திப் பிடித்தால் போதும், சரியான நொடியில் அதுவே சுடும் என்பது விளம்பரம். 2015-ல் ரூனா சாண்ட்விக், மைக்கேல் ஆகர் என்று இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் வைஃபை வழியாக அதற்குள் நுழைந்து, தோட்டாவின் எடை என்ற ஒரே ஒரு எண்ணை மாற்றினார்கள். துப்பாக்கி பக்கத்தில் இருந்த வேறு குறியைச் சுட்டது. பிடித்திருந்தவர் திரையைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த எண்ணைச் சரிபார்க்காமல் விட்ட கோடு எழுதியதும் நம்மை மாதிரி எவனோ ஒரு இன்ஜினியர்தான்.

எங்கள் ஸ்லைடை எடுத்துவிட்டோம். செகண்ட் ரிவ்யூவில் "அப்ளிகேஷன் கம்மியா இருக்கே" என்றார்கள். அதற்குப் பதிலாக ஒன்பது பிக்சல் படத்தைப் போட்டு, "இது யார்?" என்று பேனலைக் கேட்டோம். மூன்று பேரில் இரண்டு பேர் பன்றி என்றார்கள். ஒருவர் நாய்.

கம்பம் இப்போதும் தோட்டத்தில் நிற்கிறது. குனிந்து நிற்கிற படங்களை நாங்களே ஒருவரை ஒருவர் எடுத்துச் சேர்த்தோம், ராத்திரி ராத்திரியாக மண்வெட்டியோடு. ஹாரனுக்குப் பன்றிகள் முதல் மூன்று வாரம் ஓடின, இப்போது பழகிக்கொண்டு வருகின்றன, வேறு வேறு சத்தம் மாற்றிப் பார்க்கிறோம். இந்த வருஷம் மாமாவுக்குச் சேதம் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது. மாமாதான்.

"கரண்டு வந்துருச்சு. நானும் அண்ணனும் தண்ணி கட்டப் போறோம். உன்ற டப்பா எங்களைப் பாத்து ஊதாம இருக்குமா, இல்ல செத்த நேரம் அமத்தி வெக்கறியா?"

அமத்தி வைத்தேன்.